ஜனவரியிலேயே செத்த மோட்டார்

அக்டோபர் பிறந்தால் வெள்ள மீட்பு ஒத்திகை. குளக்கரையில் பந்தல், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள், வரிசையாகப் புகைப்படக்காரர்கள். ரப்பர் படகின் பின்புறம் மாட்டிய அவுட்போர்டு மோட்டாரின் கயிற்றை ஒருவர் இழுக்கிறார். பத்து முறை, இருபது முறை. மோட்டார் ஒரு இருமல்கூட இருமவில்லை. கடைசியில் துடுப்புப் போட்டுத்தான் படகு நகர்ந்தது. மறுநாள் செய்தியில் ‘அனைத்தும் தயார் நிலையில்’ என்று வந்தது. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. ஓர் ஊரைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

அந்த மோட்டாரைப் பிரித்தபோது மெக்கானிக்கின் பக்கத்தில் நின்றோம். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றிக் கோந்தாகிக் கிடந்தது. கியர் பெட்டியின் அடித் திருகைக் கழற்றியதும் பால் காபி நிறத்தில் கூழ் வழிந்தது. எண்ணெயோடு தண்ணீர் கலந்து, மாதக்கணக்கில் உள்ளேயே ஊறியிருக்கிறது. புரொப்பல்லரை உருவினால் தண்டைச் சுற்றி நைலான் நரம்பும் புடவைக் கிழிசலும். சீல் வளையத்தை அறுத்துத் தண்ணீருக்கு வழிவிட்டது அந்த நரம்புதான். குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் ஒரே பக்கமாக மடங்கி விறைத்திருந்தன. இருப்புப் பதிவேட்டிலோ மாதந்தவறாமல் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்ற குறிப்பும் கையெழுத்தும்.

வெள்ளம் வடிந்ததும் சேற்றோடு லாரியில் ஏற்றி, கிடங்கு மூலையில் படுக்கப் போட்டார்களே, அந்த ஜனவரியிலேயே அது செத்துவிட்டது. ஊருக்குத் தெரிந்தது மட்டும்தான் அக்டோபரில்.

காப்பாற்ற அரை நாள் போதும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் காலை அதில் முக்கி ஓட்டவேண்டும். பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் சேறு நீங்கித் தெளியும்வரை ஓடட்டும். தண்ணீரில்லாமல் சும்மா ஓட்டிப் பார்த்தால் சில விநாடிகளிலேயே இம்பெல்லர் கருகத் தொடங்கிவிடும். பிறகு பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டால் கார்புரேட்டரில் இருப்பதைக் குடித்துத் தானே அணையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் துருத்தடுப்பு எண்ணெய் அடித்து, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுக்கவேண்டும். கியர் எண்ணெயை வடித்துவிட்டு, புதியதைக் கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் வழியும்வரை ஏற்றவேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். கடைசியாக ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தினால் எஞ்சிய தண்ணீரும் இறங்கிவிடும். நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரைத் தவறான பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் புகும். எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்பதைக் கையேடு சொல்கிறது. அந்தக் கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் கிடங்கு அலமாரியில் இருந்தது.

டாங்கில் பெட்ரோலை விட்டுவைப்பது இன்று முன்னைவிடப் பெரிய குற்றம். அவுட்போர்டு தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் 10 விழுக்காடு எத்தனால் வரைதான் ஏற்கிறார்கள். நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பதோ 20 விழுக்காடு கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிஞ்சினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து, தண்ணீரோடு டாங்கின் அடியில் தங்கும். கயிற்றை இழுக்கும்போது எஞ்சினுக்குள் போவது முதலில் அதுதான்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டித் தென்மாவட்டங்கள் தத்தளித்தபோதும், மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். கரையேறியதும் எஞ்சினைத் தோளில் சுமந்துபோய் நல்ல தண்ணீர் காட்டிவிட்டுத்தான் சோற்றில் கைவைக்கிற மீனவர் உண்டு. எஞ்சின் அவர் வீட்டு அடுப்பு. கிடங்கு மோட்டாருக்கு அப்படி யாரும் இல்லை. டெண்டர் விட்டு வாங்கப் பணம் இருக்கிறது. இரண்டு லிட்டர் கியர் எண்ணெய்க்குச் செலவுத் தலைப்பு இல்லை என்று கோப்பு திரும்பி வருகிறது. இந்தப் பதிலைச் சொல்ல வெட்கப்படவேண்டாமா?

மீட்புப் படகுகளை வைத்திருக்கும் ஒவ்வொரு துறையும் உள்ளாட்சியும் இதைச் செய்தாக வேண்டும். ஜனவரி முடிவதற்குள் எல்லா மோட்டார்களையும் கழுவி, வடித்து, எண்ணெய் மாற்றி, தேதி எழுதிய அட்டையைக் கட்டுங்கள். பராமரிப்புக்குத் தனித் தலைப்பில் நிதி ஒதுக்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டிரம்மில் ஓட்டுங்கள். ஓட்டி முடித்ததும் மறுபடி வடித்துவையுங்கள். ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று கையெழுத்திடுபவர் தம் கையாலேயே கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுப் போடட்டும். ஓடாத மோட்டாருக்கு அப்படிக் கையெழுத்திட்டவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள். எடுத்ததை ஊரறியச் சொல்லுங்கள்.

வரும் அக்டோபர் ஒத்திகைக்கும் நாம் வருவோம். முந்தைய நாளே மெக்கானிக்கை வைத்துத் தட்டிக்கொட்டி ஓடவைத்த ஒற்றை மோட்டாரைக் காட்டவேண்டாம். கிடங்கிலிருக்கும் எல்லாவற்றுக்கும் எண் போட்டு, எதை இறக்குவது என்று கரையிலேயே சீட்டு எடுப்போம்.