பெயரை நம்பி ஊரைத் தேடினோம்

புனித பீட் 731-ஆம் ஆண்டில் எழுதி முடித்த ஆங்கிலத் திருச்சபை வரலாற்றில், கல் தேடிச் சென்ற துறவியர் சிலரின் நிகழ்ச்சி வருகிறது. ஈலி மடத்துத் தலைவி புனித எதல்திரேதா 679-இல் இறந்து, மரப்பெட்டியில் அடக்கம் செய்யப்பட்டார். பதினாறு ஆண்டுகள் கழிந்தபின், அவர் திருவுடலைக் கோவிலுக்குள் கொண்டுவர, அடுத்த தலைவியான அவருடைய சகோதரி விரும்பினார். ஈலியோ நீரும் சதுப்பும் சூழ்ந்த இடம். பெரிய கல் அங்கே கிடையாது. எனவே சகோதரர்கள் படகேறிச் சென்றனர். பாழடைந்த சிறு நகரொன்றின் மதிலருகே, மூடியுடன் கூடிய அழகிய வெண்சலவைக்கல் பேழையைக் கண்டு கொணர்ந்தனர். அந்நகரின் பெயர் 'கிராண்டாசெஸ்டிர்' என்கிறார் பீட்.

அது எந்த ஊர்? கேம்பிரிட்ஜ் நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவில் கிராண்ட்செஸ்டர் என்னும் சிற்றூர் உள்ளது. பெயர் அப்படியே பொருந்துகிறதல்லவா? அறிஞர் பலர் அதுவே என்றனர். குருமடத்தில் பயின்ற நாளில் நாமும் ஐயமின்றி நம்பினோம்.

ஆனால் 1086-ஆம் ஆண்டின் நில அளவை ஏடாகிய 'டூம்ஸ்டே' நூலில் அச்சிற்றூரின் பெயர் 'கிராண்டசேட்டெ' என்றிருக்கிறது. கிராண்டா ஆற்றங்கரைக் குடிகள் என்பது பொருள். கோட்டையுமில்லை, மதிலுமில்லை! உரோமையர் கோட்டையூர்களைக் குறிக்கும் 'செஸ்டர்' என்னும் ஈறு மக்கள் செவிக்கு நன்கு பழகியதாகையால், 'சேட்டெ' பின்னாளில் அதுவாகவே மாறிவிட்டது. எழுதுவோர் கேட்டதை எழுதினர். (நம் ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் இதுவே நடந்திருக்கிறது, ஒரே குடும்பப் பெயரை மூன்று விதமாய்க் கண்டிருக்கிறோம்.)

பீட் கூறிய பாழ்நகரம் கேம்பிரிட்ஜே. அதன் பெயர் மாறிய கதை இன்னும் விந்தையானது. எட்டாம் நூற்றாண்டில் கிராண்டாவின்மேல் பாலம் என்ற பொருளில் 'கிராண்டப்ரிஜ்' என வழங்கிற்று. நார்மானியர் நாவில் முதலெழுத்துக்கள் சிதைந்து 'கான்டப்ரிஜ்' ஆயிற்று. பின்னர் கேம்பிரிட்ஜ் ஆயிற்று. அதன்பின்னரே, ஊர்ப்பெயரிலிருந்து ஆற்றுக்கு 'கேம்' என்ற பெயரைப் பிரித்தெடுத்தனர். பிள்ளையின் பெயரைத் தாய்க்கு இட்டதுபோல!

கிராண்ட்செஸ்டரை ஒட்டிச் செல்லும் ஆற்றுப்பகுதியை இன்றும் கிராண்டா என்றும் அழைக்கின்றனர்.