பிக்னிக்குக்கு எதுக்கு ஹெல்மெட்?

எங்கள் ஃப்ளாட்டில் மூன்றாவது மாடிக்காரர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். காலை ஷிஃப்ட் என்றால் விடிவதற்குள் ரயில் பிடித்தாக வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். பையன் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். அவன் கல்லூரி அனுப்பிய சர்க்குலர்.

"நீங்களே படிச்சுப் பாருங்க சார். எனக்கு ஒண்ணும் புரியல" என்றார்.

படித்தேன். நான்கு நாள் 'இண்டஸ்ட்ரியல் விசிட்'. கட்டணம் 7,500 ரூபாய். முதல் நாள் பெங்களூரு பக்கம் ஒரு தொழிற்சாலை, 11 மணி முதல் 12 மணி வரை. மதியம் ஷாப்பிங் மால். இரண்டாம் நாள் குடகு, அருவி, யானை முகாம், ராத்திரி கேம்ப் ஃபயர், டி.ஜே. மூன்றாம் நாள் மைசூர் அரண்மனை, பிருந்தாவன். நான்காம் நாள் வாட்டர் தீம் பார்க்.

ஆக, நான்கு நாளுக்கு 96 மணி நேரம். அதில் இண்டஸ்ட்ரிக்கு ஒன்று.

"உங்க பையன் உங்க ஃபேக்டரியைப் பார்த்திருக்கானா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "கேட் வரைக்கும் வந்திருக்கான் சார். ஒரு நாள் மூக்குக் கண்ணாடியை மறந்துட்டுப் போயிட்டேன், கொண்டுவந்து குடுத்தான். செக்யூரிட்டி உள்ளே விடல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. பி.காம். படித்தபோது எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பிஸ்கட் கம்பெனி. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வரிசையாக நடக்கவிட்டார்கள். அந்தப் பக்கம் ஏதோ நகர்ந்தது. ஆளுக்கொரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டோம். இன்றைக்கு எனக்கு ஞாபகம் இருப்பது பிஸ்கட் வாசனையும், பின் சீட்டுப் பாட்டுக் கச்சேரியும்தான். அப்புறம் ரிப்போர்ட் எழுத வேண்டுமே? சீனியர் ஒருவரின் ரிப்போர்ட்டை வாங்கித் தேதியை மட்டும் மாற்றினேன். முழு மார்க் கிடைத்தது.

பி.காம். முதல் வருடத்தில் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. வவுச்சரில் என்ன எழுதியிருக்கிறதோ, அதற்குத்தான் பணம் செலவாகியிருக்க வேண்டும். ஒரு கம்பெனி டைரக்டர் குடும்பத்தோடு ஊட்டி போய்விட்டு 'பிசினஸ் டிராவல்' என்று கணக்கு எழுதினால் ஆடிட்டர் சிவப்பு மையில் சுழிப்பார். அதையே கல்லூரி எழுதினால் அதற்குப் பெயர் கல்விப் பயணமா? பொய்க் கணக்கு எழுதுவது எப்படி என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பிராக்டிகல் கிளாஸ் அதுதான். வாத்தியார்களே கூட இருந்து நடத்தும் கிளாஸ்.

உடனே 'இவன் பிக்னிக்குக்கு எதிரி' என்று கிளம்பிவிடாதீர்கள். இருபது வயதில் ஐம்பது பேர் ஒரே பஸ்ஸில் ஊர் சுற்றுவதைப் போல ஒரு சுகம் அப்புறம் வாழ்க்கையில் கிடைக்காது. போக வேண்டும். ஆடவேண்டும், பாடவேண்டும்.

"அதுக்குத்தான் சார் அந்தப் பேரு. 'டூர்'னு சொன்னா எங்கப்பா விடவே மாட்டாரு" என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னாள். நியாயமான பதில். பல பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வாசலைத் தாண்ட அந்த இரண்டு வார்த்தைதான் பாஸ்போர்ட். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெண்ணை டூருக்கு அனுப்பப் பயப்படும் அப்பாவிடம் பேசிப் புரியவைக்க வேண்டியது கல்லூரி. அதற்குப் பதிலாக அவரை ஏமாற்ற வழி செய்துகொடுக்கிறது. அவருடைய பயம் அப்படியே இருக்கிறது. அடுத்த பெண்ணும் பொய் சொல்லித்தான் போகவேண்டும்.

பெயர் முக்கியமா என்று கேட்கலாம். முக்கியம். 2014 ஜூன் 8-ம் தேதியை நினைத்துப் பாருங்கள். ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா போன பொறியியல் மாணவர்கள், இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றில் இறங்கி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். லார்ஜி அணையிலிருந்து திடீரென்று தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். 24 மாணவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். முதல் குற்றம் தண்ணீரைத் திறந்தவர்களுடையது. ஆனால் நஷ்ட ஈட்டில் ஒரு பங்கைக் கல்லூரியும் கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. டூர் என்று ஒப்புக்கொண்டால்தான் ஆறு தெரிந்த ஆள் யார், டிரைவர் தூங்கினாரா, யாருக்கு நீச்சல் தெரியும் என்று கேட்கத் தோன்றும். 'விசிட்' என்று எழுதிவிட்டால் கேட் பாஸ் வாங்கியதோடு பொறுப்பு முடிந்தது.

சரி, பிக்னிக்கை விடுங்கள். நிஜமான இண்டஸ்ட்ரியல் விசிட் எப்படி இருக்கும்?

சென்ட்ரலில் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் பக்கம் போய் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறுங்கள். டிக்கெட் ஒரு டீ, வடை காசுதான். எண்ணூரில் ஆற்று முகத்துவாரம், அத்திப்பட்டில் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை. வட சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் எதைத் தின்று எதைக் கக்குகின்றன என்பது ஜன்னலிலேயே தெரிந்துவிடும். இறங்கினால் சிப்காட். காயலான் கடை இரும்பு உலையில் உருகுவதைப் பாருங்கள். சிவக்கச் சிவக்கக் கம்பி ஓடிவரும். அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். வெளித்தோல் இறுகும். உள்ளே இருக்கும் சூடு திரும்ப வெளியே வந்து அந்தத் தோலைப் பதப்படுத்தும். டி.வி. விளம்பரத்தில் டி.எம்.டி., டி.எம்.டி. என்று கத்துகிறார்களே, விஷயம் இதுதான். மெக்கானிக்கல் பையனுக்கு இது ஒரு செமஸ்டர் பாடம். பி.காம். பையனா? கரன்ட் பில் எவ்வளவு, ஒரு டன்னுக்கு அடக்க விலை என்ன என்று கேட்கட்டும்.

பிறகு கேட்டுக்கு வெளியே வந்து டீக்கடையில் நிற்கட்டும். காதில் ஒடியா விழும், போஜ்பூரி விழும். அவர்களும் இவன் வயசுதான். அவர்களும் கும்பலாகத்தான் பயணம் வந்தார்கள். ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி, அன்ரிசர்வ்ட் பெட்டியில். ஹவுரா பாதையில் வருகிற ரயில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டித்தான் சென்ட்ரலுக்குப் போகிறது. அங்கே இறங்கி, வந்த வழியே லோக்கலில் திரும்பி வருகிறார்கள். டி.ஜே. கிடையாது.

மதியம் விளையாட்டு வேண்டுமா? பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி. 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர், அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டம், குளிர்காலம் என்றால் பூநாரை. சாயந்திரம் வீடு திரும்பிவிடலாம்.

ஜெர்மனியில் தச்சு, கொத்து வேலை கற்ற இளைஞர்கள் சிலர் மூன்று வருடம் ஒரு நாள் ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. அதுவரை சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டருக்குள் அவர்கள் வரக்கூடாது. நம் கல்லூரிகளும் ஏதோ சபதம் எடுத்திருக்கின்றன போலிருக்கிறது. 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் எந்த ஃபேக்டரிக்கும் போகக்கூடாது!

கம்பெனிகளும் சுத்தம் இல்லை. 'சேஃப்டி சார்' என்பார்கள். உண்மைதான், உருகிய இரும்புக்குப் பக்கத்தில் ஐம்பது பேரை உலவவிட முடியாது. பத்துப் பத்துப் பேராக விடலாமே? பல இடங்களில் நிஜமான பயம் வேறு. ஏதாவது ஒரு பையன் 'இங்கே கான்ட்ராக்ட் ஆட்கள் எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு' என்று கேட்டுத் தொலைத்துவிட்டால்? அந்த ஒரு கேள்விக்கு, அருவியும் யானையும் எல்லோருக்கும் சௌகரியம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு ரசீது போடுங்கள். டூருக்கு ஒன்று, 'டூர்' என்றே எழுதி. தொழிற்சாலைக்கு ஒன்று, ஒரு முழு ஷிஃப்ட், பக்கத்து ஊரில். ரிப்போர்ட்டில் ஒரு தொழிலாளியிடம் பேசியது இருக்கட்டும். அதை மட்டும் சீனியரிடம் காப்பி அடிக்க முடியாது.

மூன்றாவது மாடிக்காரரிடம், "பணத்தைக் கட்டுங்க, பையன் சந்தோஷமா போய்ட்டு வரட்டும். வந்ததும் ஒரு நாள் உங்க ஆலைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

நேற்று லிஃப்ட்டில் பார்த்தேன்.

"கேட்டேன் சார். கம்பெனில, காலேஜ் லெட்டர் இருந்தா விடறேன்னாங்க. காலேஜ்ல, ஒரு பையனுக்காக லெட்டர் தர முடியாது, மினிமம் ஐம்பது பேர் வேணும்னுட்டாங்க."

"ஐம்பது பேருக்கு என்ன குறைச்சல்?"

"இருக்காங்க சார். எல்லாரும் குடகுக்குப் பேர் குடுத்துட்டாங்க."