நாற்றின் வமிசத்தைக் கேட்போம்

உலகச் சந்தையில் கோகோவின் விலை 2024ஆம் ஆண்டில் டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைக் கடந்தது. மறு ஆண்டே பெரிதும் இறங்கியது. விலை ஏறும்போதெல்லாம் தென்னந்தோப்புகளில் கோகோவை ஊடுபயிராக நடும் ஆர்வமும் பெருகுவது இயல்பு. கடன் கோரும் திட்ட அறிக்கைகளில் விலைக் கணக்கு விரிவாக இருக்கும். நடப்போவது எந்த இரகம், நாற்று எங்கிருந்து வருகிறது என்பவை பெரும்பாலும் இரா. அவையே முதலில் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

விலை நம் வசத்தில் இல்லை. உலக விளைச்சலில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்தே வருகிறது. 1980களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது கேரள விவசாயிகள் பலர் மரங்களை வெட்டி வீழ்த்தினர். அத்தகைய காலத்திலும் தாக்குப்பிடிக்க வல்லது, குறைந்த இடத்தில் நிறைய விளையும் தோட்டமே.

அதற்கான ஆய்வு நம் மாநிலத்திலேயே நடைபெறுகிறது. திருச்சூரை அடுத்த வெள்ளானிக்கரையில் கேரள வேளாண் பல்கலைக்கழகம், கேட்பரி நிறுவனத்துடன் இணைந்து 1987இல் கோகோ ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. சி.சி.ஆர்.பி. வரிசை இரகங்கள் அதன் பயன். கர்நாடகத்தின் விட்டல் நிலையத்திலிருந்து மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் கலப்பினங்களை வெளியிட்டுள்ளது. காய்களின் எண்ணிக்கை, உலர்ந்த விதை ஒரு கிராமுக்குக் குறையாத எடை, மெல்லிய தோல், மிகுந்த கொழுப்பு, நோய் தாங்கும் திறன் ஆகியவற்றை ஒரே மரத்தில் சேர்ப்பதே நோக்கம். கோகோ காய்க்கத் தொடங்கவே ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாகும்; விளைச்சல் நிலைபெற மேலும் சில ஆண்டுகள் வேண்டும். ஒவ்வொரு கலப்பின் பின்னும் நெடுங்காலப் பொறுமை இருக்கிறது.

அண்டைத் தோட்டத்தில் நன்றாகக் காய்க்கும் மரத்தின் விதையை ஊன்றினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பூச்சிகளால் அயல் மகரந்தம் சேர்வதால் தாயின் குணம் பிள்ளைக்கு அப்படியே வாய்ப்பதில்லை. பல மரங்கள் தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதுமில்லை. எனவே அத்தகைய ஒரே ஒட்டு இரகத்தைத் தோப்பு முழுவதும் நட்டவர், பூக்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்க நேரிடும். இதே இயல்பைத்தான் ஆய்வாளர்கள் ஆதாயமாக்கிக்கொண்டனர்: தேர்ந்த பல இரகங்களை அடுத்தடுத்து நட்ட விதைத் தோட்டங்களில் விளையும் விதைகள் யாவும் கலப்பினமாகவே அமைகின்றன.

தரமான நாற்றுக்குக் கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மை. ஆயினும் தோட்டத்தின் மொத்தச் செலவில் அது சிறு பகுதியே. தவறான நாற்றோ பல்லாண்டுகள் நிலத்தை அடைத்து நிற்கும். நல்ல இரகமும் கவாத்து, உரம், முறையான நொதிப்பு இன்றிப் பயன் தராது என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே, வங்கிகள் நாற்றின் மூலச் சான்றைக் கடன் ஆவணங்களுள் ஒன்றாகக் கேட்க வேண்டும். மரம் நிலையான பலன் தரும் காலத்தை ஒட்டியே தவணையைத் தொடங்க வேண்டும். நெடுமங்காட்டுத் தோப்பாயினும் பொள்ளாச்சித் தோப்பாயினும், வாடிக்கையாளர்கள் நாற்றுக்கான ரசீதைப் பத்திரத்தோடு சேர்த்துப் பாதுகாப்பது நலம். நிலத்தின் மூலத்தை ஆராய்ந்து கடன் தரும் நாம், அதில் நிற்கப்போகும் மரத்தின் மூலத்தையும் ஆராய்வதே முறை.