சக்கரம் வைத்த வீடும் வர்தா புயலும்

போன வாரம் தம்பி மகன் வந்திருந்தான். டிசம்பர் லீவுக்கு ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் காரைக்கால் வரை குடும்பத்தோடு போகப் போகிறானாம். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே உண்டு. "புயல் வந்தா என்ன பெரியப்பா, வீடே கூட வருதே!" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பூகோளப் பாடத்தில் எங்களுக்கு வங்கக் கடல் புயலைச் சொல்லித்தரவில்லை. தெற்குப் பிரான்சில் அடிக்கும் மிஸ்ட்ரால் காற்றைத்தான் சொல்லித்தந்தார்கள். அது வடக்கிலிருந்து வரும். அதனால் அந்தப் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளில் வடக்குச் சுவரில் சன்னல் வைப்பது அபூர்வம். காற்றுக்கு முதுகைக் காட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

நம் புயலிடம் இந்த உபாயம் பலிக்காது. அதை நந்தனத்தில் 2016 டிசம்பர் 12 அன்று கண்ணால் பார்த்தேன். வர்தா புயல். காலையிலிருந்து வடக்குக் காற்று பேயாக அடித்தது. பிற்பகலில் புயலின் கண் ஊருக்கு மேல் வந்தபோது எல்லாம் அடங்கியது. முடிந்துவிட்டது என்று ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். பிறகு அதே வேகத்தில் தெற்கிலிருந்து அடித்தது.

எங்கள் தெருவில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் வாடகை வேன் ஒன்று நிற்கும். சவாரி இல்லாத நாட்களில் அதன் டிரைவர் அதிலேயே படுத்துக்கொள்வார். சட்டை காய்வதும் சோறு உண்பதும் அங்கேதான். அன்று காலையில் மாடியிலிருந்து பார்த்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். 'வேன் இருக்கிறதே, நனையமாட்டார்' என்று நினைத்து சன்னலைச் சாத்திவிட்டேன்.

காற்று நின்ற இடைவெளியில் அவர் டீக்கடையைத் தேடி இறங்கினார். கடை ஏது? என் மனைவிதான் பால்கனியிலிருந்து, "மேல வாங்க தம்பி, காபி தரேன்" என்று கூப்பிட்டாள். அவர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் தெற்குக் காற்று வந்துவிட்டது. மரம் வேரோடு சாய்ந்து வேனின் மேல் விழுந்தது. கூரை ஸ்டியரிங் வரை இறங்கிவிட்டது. அவர் டம்ளரைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே தம்பி மகனுக்குச் சொன்னது இதுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்காகும். 6 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள வண்டியின் பக்கவாட்டில் 120 கிலோமீட்டர் வேகக் காற்று மோதினால், ஏறக்குறைய ஒரு டன் எடை சாய்த்துத் தள்ளுவதற்குச் சமம். வண்டியின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி வைக்கலாம். காற்றே திசை மாறினால் என்ன செய்வது? கனமான வண்டி என்ற தைரியமும் வேண்டாம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்குப் போன ரயிலையே கடல் கொண்டுபோனது.

எச்சரிக்கை வந்த அன்றே கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குப் போய்விட வேண்டும். மரத்தடியும் மின்கம்பியும் இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை விட்டுவிட்டு, கல்லும் சிமென்டும் வைத்துக் கட்டிய கட்டடத்துக்குள் ஏற வேண்டும். நடுவில் காற்று நின்றாலும், அறிவிப்பு வரும்வரை இறங்கக் கூடாது. சக்கரத்தின் உபயோகம் புயலுக்கு முந்தின நாளோடு சரி.

தம்பி மகனுக்கு ஓட்டல் இருக்கிறது, உறவுக்காரர் வீடு இருக்கிறது. வண்டியைத் தவிர வேறு கூரை இல்லாதவர்கள் நம் தெருக்களிலேயே எத்தனை பேர்! லாரி கிளீனர், ஆட்டோக்காரர், வேன் டிரைவர். நிவாரண முகாம் எங்கே என்று அவர்களிடம் யாரும் போய்ச் சொல்வதில்லை. அடுத்த சிவப்பு எச்சரிக்கை வரும்போது, நாம் சன்னலைச் சாத்துமுன் ஒரு முறை கீழே எட்டிப் பார்ப்போம். யாராவது இருந்தால் மேலே கூப்பிடுவோம். அன்று அவரைக் காப்பாற்றியது ஒரு டம்ளர் காபி. கூப்பிட்டவள் அவள், நான் இல்லை.