16 கோடி ரூபாய் ஊசியும் நமது சிரிப்பும்

எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத் தண்டுவடத் தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட பச்சிளம் குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி தேவைப்படுகிறது. அவ்வளவு பணமும் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தால் பெற்ற தாய்க்கு என்ன தோன்றும்? இந்தக் கற்பனையை மேடை நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் வேடிக்கையாக்கினார். 'கியூர் எஸ்.எம்.ஏ.' அறக்கட்டளை உச்ச நீதிமன்றத்தை அணுகியது. மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட ஐந்து கலைஞர்கள் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 25 அன்று நீதிமன்றம் கூறியது. நோயாளிகளின் சிகிச்சைக்காக நிகழ்ச்சிகள் நடத்தி நிதி திரட்டுமாறு நவம்பரில் பணித்தது.

மன்னிப்போடு விஷயம் முடிந்துவிடவில்லை. அந்தச் சிரிப்புக்கு அடியில் நம் எல்லோரிடமும் உள்ள சில தவறான புரிதல்கள் இருக்கின்றன.

முதலாவது, நோயைப் பற்றியது. எஸ்.எம்.ஏ., இயக்க நரம்பணு நோய்களில் ஒன்று. கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தில் இதை விளக்க விசைத்தறியே போதும். தறியில் பழுதில்லை, பாவும் ஊடையும் சரியாகவே உள்ளன. ஆனால், மின்கம்பி அறுந்தால் தறி ஓடாது. ஓடாத தறி நாளடைவில் துருவேறும். தசைக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் அழியும்போது உடலில் நடப்பதும் இதுதான். சிந்தனை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். 21 வயதில் இவ்வகை நோய்க்கு ஆளான ஸ்டீபன் ஹாக்கிங், 76 வயது வரை வாழ்ந்து இயற்பியலில் சாதித்தார். இது அயல்நாட்டு நோயுமன்று. 1970இல் சென்னை மருத்துவர்கள் விவரித்த ஒரு வகை, மருத்துவ நூல்களில் 'மதராஸ் இயக்க நரம்பணு நோய்' என்றே வழங்குகிறது. ஆனால், நம்மூர் பேக்கரி வாசலில், நடை தள்ளாடி நாக்குழறும் ஒருவரைக் கண்டால், "காலையிலேயே போட்டுவிட்டார்" என்ற கேலிதான் முதலில் எழுகிறது. அந்தக் கேலிக்கு அஞ்சியே பலர் வீட்டுக்குள் முடங்குகிறார்கள். மருத்துவரிடம் செல்வதும் தள்ளிப்போகிறது.

இரண்டாவது, தாயின் மீது சுமத்தப்படும் பழி. எஸ்.எம்.ஏ. மரபணுக் குறைபாட்டால் வருவது. பொதுவாகத் தாய், தந்தை இருவருமே அக்குறைபாட்டைச் சுமப்பவர்களாக இருந்தால்தான் குழந்தையைத் தாக்கும். அப்போதும் ஒவ்வொரு பிரசவத்திலும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. சுமப்பவர்களுக்கு எந்த அறிகுறியும் இராது. அத்தை மகன், மாமன் மகள் உறவில் மணமுடிக்கும் நம் வழக்கில் இதை அறிந்திருப்பது இன்னும் அவசியம். முன்வினை என்றும், மருமகள் கொண்டுவந்த குறை என்றும் பேசுவது அறியாமை மட்டுமன்று, கொடுமையும் ஆகும்.

மூன்றாவது, பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் என்னை மிகவும் உறுத்துவது, விலை பற்றிய மயக்கம். 16 கோடி என்றதும், ஓர் உயிருக்கு இவ்வளவா என்று கேட்கிறோம். அத்தொகை குழந்தையின் மதிப்பல்ல. காப்புரிமை பெற்ற நிறுவனம் நிர்ணயித்த விலை. ஊசி அல்லாமல், எஸ்.எம்.ஏ.வுக்கு நாள்தோறும் வாய்வழியே கொடுக்கும் ரிஸ்டிபிளாம் என்ற மருந்தும் உண்டு. ரோச் நிறுவனத்தின் அம்மருந்து, புட்டி ஒன்று சுமார் 6 லட்சம் ரூபாய். மாற்று மருந்துக்குத் தடை கோரிய அந்நிறுவனத்தின் வாதத்தை 2025 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. விலை விதியன்று, கொள்கையின் விளைவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எனினும், வாழ்நாள் முழுதும் தேவைப்படும் மருந்துக்கு இதுவும் ஒரு நெசவுத் தொழிலாளியின் கைக்கு எட்டாது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்கீழ் ஒரு நோயாளிக்கு வழங்கப்படும் உதவியின் உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். அது தீர்ந்த பிறகு என்ன செய்வது? மொத்தக் கொள்முதல் மூலம் அரசே விலையை மேலும் குறைக்கலாம். நாம் விவாதிக்க வேண்டியது இதைத்தான்.

மாற்றுத்திறனாளிகளைப் பொதுவெளியில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவு. குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, குறைபாடு உள்ளவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நோயுற்றவர் தம் நிலையைச் சொல்லித் தாமே சிரிப்பதை எவரும் தடுக்கவில்லை. அவரோடு சேர்ந்து சிரிக்கலாம். அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். சட்டம் மேடையைக் கண்காணிக்கும். பேக்கரி வாசலைத் திருத்த வேண்டியவர்கள் நாம்தான்.