படகில் வந்ததைக் குற்றம் என்று சொல்லாதீர்கள்



ராமேசுவரம், மண்டபம் வட்டாரத்து மீனவர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து தமிழ்நாட்டு மக்களுக்கு இதை எழுதுகிறோம். இலங்கையிலிருந்து படகேறி வந்து முகாம்களில் வாழ்கிறவர்களை நம் குடியுரிமைச் சட்டம் சட்டவிரோதக் குடியேறிகள் என்கிறது. பாஸ்போர்ட் இல்லாமல் வந்தார்கள் என்பது உண்மைதான். வேறு எப்படி வந்திருக்க முடியும்?

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தலைமன்னாருக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே ஓடிய பயணிகள் கப்பலும் அந்தக் காலத்திலேயே நின்றுபோனது. சுற்றுலாவுக்கு, படிப்புக்கு, வைத்தியத்துக்கு இந்தியா விசா தருகிறது. உயிர் தப்பி வருகிறேன் என்பவருக்கு ஒரு விசா கிடையாது. முறையான வழி ஒன்றை வைக்காமல், முறையற்று வந்தாய் என்று கேட்பது நியாயமே இல்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இதைப் புரிந்துகொண்டுதான், ஆபத்திலிருந்து நேராக வந்து தாமதமின்றி அதிகாரிகளிடம் தன்னை ஒப்படைப்பவரை அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. அதற்காக அந்த நியாயம் பொய்யாகிவிடாது.

எங்கள் கரையில் நடப்பதைச் சொல்கிறோம். 2022-இல் இலங்கையில் அரிசியும் பால்மாவும் எரிபொருளும் கிடைக்காமல் போனபோது மறுபடி படகுகள் வந்தன. படகோட்டிகள் பணத்தை வாங்கிக்கொண்டு, இருட்டோடு இருட்டாக, ராமேசுவரம் தீவின் கோடியிலுள்ள அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்தத் திட்டில் நிழல் இல்லை, குடிதண்ணீர் இல்லை. கைக்குழந்தையோடு வெயிலில் உட்கார்ந்திருப்பவர்களைக் கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்டில் போய் அழைத்து வரும். அந்த ஆண்டு ஜூன் கடைசியில் கோதண்டராமர் கோயில் கடற்கரையில் ஒரு முதிய தம்பதி நினைவிழந்து கிடந்தார்கள். மதுரை அரசு மருத்துவமனை வரை கொண்டுபோயும் அந்த அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வயதில் அப்படி ஒரு படகில் யாரும் ஆசைப்பட்டு ஏறுவதில்லை.

நாட்டின் பாதுகாப்பு என்ன ஆவது என்று கேட்பவர்களும் நம்மவர்களே, கேள்வியும் சரியானதே. வருகிறவர்களை விசாரிக்கட்டும், கைரேகை எடுக்கட்டும், பதிவு செய்யட்டும். தமிழ்நாடு காவல்துறையின் கியூ பிரிவு போலீசார் பல ஆண்டுகளாக அதைச் செய்துதான் வருகிறார்கள். காசுக்காகக் குழந்தைகளைத் திட்டில் தவிக்கவிட்டவனைப் பிடித்துத் தண்டிக்கட்டும். தவித்தவர்களையும் அவனோடு சேர்த்துக் குற்றவாளி ஆக்க வேண்டாம் என்பதே எங்கள் கோரிக்கை.

மண்டபம் முகாமின் பழங்கதையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஊர்க் கூலித் தொழிலாளர்களை, நோய்த்தொற்று இருக்கிறதா என்று பார்க்கத் தங்கவைத்த இடம் அது. அன்று எல்லா முறைப்படியும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் பலர், இனக்கலவரங்களில் தோட்டத்தைவிட்டு வன்னிக்கும் மன்னாருக்கும் விரட்டப்பட்டு, கடைசியில் படகேறி அதே முகாமில் அகதியாகப் பதிந்தார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி, அந்தத் தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழர் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்வதாக இந்தியா ஒப்புக்கொண்டது. கையெழுத்துப்போட்ட நாடே அவர்கள் வழிவந்தவர்களைச் சட்டவிரோதமானவர்கள் என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

சட்டவிரோதம் என்ற அந்தப் பெயர் பிள்ளைகளையும் விடுவதில்லை. 2004 டிசம்பருக்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தையின் தாய் தமிழ்நாட்டுக்காரராகவே இருந்தாலும், தந்தை அனுமதியின்றி வந்தவர் என்றால் அது இந்தியக் குழந்தை இல்லை. 2019-இல் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 முடிவதற்குள் ஆவணமின்றி வந்த ஆறு மதத்தவர்களுக்கு நாடாளுமன்றம் குடியுரிமைக்கு வழி திறந்தது. ஆவணமின்றி வந்ததை மன்னிக்கலாம் என்று அரசே ஒப்புக்கொண்டபின், இவர்களை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்? 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு 2025 செப்டம்பரில் தண்டனையிலிருந்து விலக்கு அளித்தார்கள். அதை மனதார வரவேற்கிறோம். ஆனால் குடியுரிமைக்கான கதவு அதனால் திறக்கவில்லை. 2022-இல் வந்தவர்களுக்கு அந்த விலக்கும் இல்லை.

இந்தியா தர்ம சத்திரம் அல்ல என்று 2025-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி சொன்னார். தமிழ்நாட்டு முகாம்களில் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நம் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்து, கொத்து வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறார்கள். இலவசச் சோறு கேட்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் இலங்கையையும் சேர்க்கவும், உயிருக்கு அஞ்சி வருகிறவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் பதிவு செய்துகொள்ள ஓர் அகதிகள் சட்டம் இயற்றவும் கேளுங்கள். பட்டப்படிப்பு முடித்த முகாம் பிள்ளைகள் வேலை கேட்டு வந்தால், முகாம் என்ற முகவரிக்காகத் திருப்பி அனுப்பாதீர்கள். கடலுக்குப் போகும் எங்கள் சொந்தங்களே, திட்டில் யாராவது நிற்பதைக் கண்டால் கடலோரக் காவல்படையின் 1554 அல்லது கடலோரக் காவல் போலீசாரின் 1093 எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். படகிலிருக்கும் தண்ணீர்க் கேனை அவர்களிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.