அடுக்களைக்கும் ஓர் ஒப்பந்தம்

வாடகைக்கு வீடு பிடிக்கும்போது பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதுகிறோம். கடனில் இருசக்கர வண்டி வாங்கினால் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திடுகிறோம். ஆனால் வீட்டுச் சாவியையே நம்பி ஒப்படைத்து, குழந்தைக்குச் சோறூட்டவும் முதிய தாயைக் குளிப்பாட்டவும் ஒரு பெண்மணியை அமர்த்துகிறோமே, அவருக்கும் நமக்கும் இடையே என்ன எழுத்து இருக்கிறது? ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால் விடை ஆயத்தமாக இருக்கிறது: "அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. பிள்ளையிடம் பத்திரம் எழுதுவார்களா?" கேட்க இனிமையாக இருக்கும் இந்த வாதத்தைத்தான் நாம் மறுக்க விரும்புகிறோம். வீட்டுப் பிள்ளைக்குத் தனித் தம்ளர் வைப்பதில்லை. வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் படுத்தால் நாள் கணக்குப் பார்த்துப் பணம் பிடிப்பதில்லை. உறவுமுறை சொல்லி வேலை வாங்குகிறோம். சம்பள நாளன்று மட்டும் கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறோம்.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உரிமையாளரை அவருடைய தாராளத்துக்காகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். விடியற்காலையில் அவர் செய்ததை மறந்துவிடுகிறோம். நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி முடித்த பிறகே அவர் முதல் ஆட்களைத் தோட்டத்துக்கு அனுப்பினார். தாராளம் மாலையில்தான் வந்தது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பாரும் உளர். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணி நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. ஆனால் அது நிறுவனங்களுக்கு. நம் அடுக்களை அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளருக்கென்றே 2011இல் 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது; இந்தியா அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. பிலிப்பைன்ஸ் அளித்தது. 2013இல் தனிச் சட்டமும் இயற்றி, வேலை தொடங்குமுன் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அது இருதரப்புக்கும் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று விதித்தது. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாடு அது.

ஆகவே சட்டம் வரும்வரை காத்திராமல் நாமே ஒரு படிவம் எழுதலாம். ஒரு பக்கம் போதும். வேலை தொடங்கும் நாள், வரும் நேரம், போகும் நேரம், சம்பளம், அதைத் தரும் தேதி இவற்றை எழுதுவது எளிது. வேலை இன்னது என்று எழுதும்போதுதான் நம் கை தயங்கும். "வீட்டு வேலை" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டால், பாத்திரம் துலக்க வந்தவர் நாளடைவில் துணி துவைப்பார், மீன் கழுவுவார், மாடியில் வற்றல் காய வைப்பார். சம்பளம் மட்டும் பாத்திரத்தோடு நின்றிருக்கும். எத்தனை பேருக்குச் சமையல், விருந்தினர் வந்து தங்கினால் கூடுதலாக எவ்வளவு என்பதும் எழுதப்பட வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் நம் வீடுகளில் குவியும் பாத்திரங்களை எண்ணிப் பார்த்தால் இதன் தேவை விளங்கும்.

அடுத்தது முன்பணம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ வாங்கிய பணம், எவ்வளவு கழிந்தது என்ற கணக்கே இல்லாமல் அவரை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடுகிறது. வாங்கிய தொகையும் மாதந்தோறும் பிடிக்கும் தொகையும் இரு பிரதிகளிலும் பதிவாக வேண்டும். வார விடுமுறை, சம்பளத்தோடு ஆண்டு விடுமுறை, நோய்வாய்ப்பட்ட நாட்கள், வழுக்கி விழுந்தால் மருத்துவச் செலவு யாருடையது, வேலையிலிருந்து நிறுத்த எத்தனை நாள் முன்னறிவிப்பு ஆகியவையும் வேண்டும். "சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள்" என்று குறைப்படுகிறவர்களுக்கு இந்தக் கடைசி வரி உதவும். ஆனால் அது நம்மையும் கட்டும்.

கையெழுத்து விழுந்துவிட்டால் எல்லாம் நீதியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. வறுமையின் நெருக்கடியால் ஒருவர் குறைந்த கூலிக்கு இசைந்தால் அந்த இசைவே அநீதிக்குப் பலியாவதுதான் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இலேயே எழுதிவிட்டார். எனவே தொகையை நாமே நிரப்பிவிட்டு அவர் முன் நீட்டலாகாது. எழுதியதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அவர் தரப்பில் ஒருவர் உடனிருப்பது நல்லது. ஒரு பிரதி அவரிடம் இருக்க வேண்டும்.

படிவத்தின் முதல் வரியில் பணியாளரின் முழுப்பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், முகவரி. நம்மில் பலர் அந்த வரியிலேயே பேனாவை வைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.